கத்தி ரத்தத்தில் வருவதில்லை

சவரக்கத்தியைக் கன்னத்தில் வைக்க ஒரு கோணம் இருக்கிறது. ஏறத்தாழ 30 டிகிரி. அதைவிடப் படுக்கவைத்தால் முடியை வெட்டாமல் இழுக்கும். நிமிர்த்தினால் தோலைச் சீவிவிடும். இந்த 30 டிகிரியை எந்தச் சாதிக் குழந்தையும் தாயின் வயிற்றிலேயே கற்றுக்கொண்டு வருவதில்லை. நாவிதர் குடும்பத்தில் பிறந்த நான் இதை என் 28-ஆவது வயதில், ஒரு கத்துக்குட்டியாக, வெட்டுப்பட்ட கன்னத்தில் படிகாரம் தேய்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அப்பாரு பல்லடம் பக்கத்தில் ஊர்ச் சவரம் செய்தவர். என் அப்பாவைக் கத்தியைத் தொடவே விடவில்லை. "இது என்னோட போகட்டும்" என்பது அவர் எடுத்த முடிவு. அப்பா படித்து மில்லில் கணக்கெழுதப் போனார். நான் பொறியியல் படித்து கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அப்பாருவின் அடப்பம் மட்டும் பரணில் கிடந்தது.

இன்று மடக்குக் கத்தியால் தானே சவரம் செய்துகொள்வது நகரத்து இளைஞர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. கத்தி, தீட்டுகிற தோல்வார், சாணைக்கல், நுரைப்பதற்குப் பிரஷ் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்குகிறார்கள். எனக்கும் ஆசை வந்தது. சிங்காநல்லூரில் சலூன் வைத்திருக்கும் மாமாவிடம் போய் நின்றேன்.

முதல் வாரம் அவர் என்னைக் கன்னத்தின் பக்கமே விடவில்லை. ஊதிய பலூனில் சோப்பு நுரையைப் பூசி, பலூன் உடையாமல் நுரையை மட்டும் வழிக்கச் சொன்னார். அடுத்து தோல்வாரில் தீட்டுவது. கத்தியின் முதுகு முன்னே போகவேண்டும், கூர்முனை பின்னே வரவேண்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே திருப்ப வேண்டும். மாறிச் செய்தால் தோலும் போகும், கூரும் போகும். அதன்பிறகுதான் கன்னம். வெந்நீர்த் துணியை வைத்து முடியை இளக்கி, தோலை இன்னொரு கையால் இழுத்துப் பிடித்து, முடி வளரும் வாக்கில் சின்னச் சின்ன இழுப்பு. தாடையும் மேலுதடும் கடைசிப் பாடம். "மாப்ளே, கை நடுங்குனா கத்தியக் கீழ வெச்சிரு. இது தைரியத்துல செய்யற வேலையில்ல, பழக்கத்துல செய்யற வேலை" என்றார் மாமா.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குச் சொல்லியா தரணும்? ரத்தத்திலேயே இருக்குமே!" அவர் கெட்டவர் இல்லை. பாராட்டுவதாகத்தான் நினைத்தார். ஆனால் சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலேயே சாதியின் மொத்தத் தத்துவத்தையும் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். அதே அலுவலகத்தில் அவரும் கத்தி பழகுகிறார். அவர் பழகினால் 'கலை', நான் பழகினால் 'குலம்'. கத்தி ஒன்றுதான். பிடிக்கும் கைக்குத்தான் இரண்டு பெயர்.

கொங்கு நாட்டில் எங்களைக் 'குடிமகன்' என்பார்கள். அரசமைப்புச் சட்டத்தைத் தமிழில் படித்தால் குடிமகன் என்றால் உரிமை உள்ளவன். எங்கள் ஊர்களில் குடிமகன் என்றால் கூப்பிட்ட குரலுக்கு அடப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவன். ஒரே சொல்லுக்கு இப்படி நேரெதிரான இரண்டு பொருள் இருப்பதிலேயே இந்த நாட்டின் கதை இருக்கிறது.

கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவது குடிமகன்தான். கம்பர் இயற்றியதாகச் சொல்லப்படும் அந்த நீண்ட பாட்டை மனப்பாடமாகச் சொல்வதற்கு எத்தனை நினைவாற்றல் வேண்டும்! எங்கள் வீட்டுப் பெண்கள் ஊருக்கெல்லாம் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சிகள். பாட்டு, வைத்தியம், பிரசவம், கத்தி என்று இத்தனை அறிவும் இருந்தது. இத்தனைக்கும் கிடைத்தது களத்துமேட்டில் அளந்து போட்ட தானியமும், பண்ணாடி வீட்டுச் சின்னப் பையன் வாயிலிருந்து வரும் 'வாடா, போடா'வும்தான் என்று அப்பாரு சொல்வார். இன்றைக்கும் ஒருவனை மட்டம் தட்ட "நீ என்ன சிரைக்கவா வந்தே?" என்று கேட்கிறோம். சினிமா கேட்கிறது. முற்போக்குத் தோழர்களும் கேட்கிறார்கள். அடுத்தமுறை அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வரும்போது, அது யாருடைய உழைப்பை வசவாக மாற்றிய சொல் என்று ஒரு கணம் யோசியுங்கள்.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளைப் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் அப்பன் தொழிலிலும் வைத்தது. ஈரோட்டுப் பெரியார் அதைக் 'குலக்கல்வி' என்று சரியாகப் பெயரிட்டு எதிர்த்தார். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால் என் அப்பாவுக்குக் கணக்குப் பேரேடு கிடைத்திருக்காது.

70 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில், ஒன்றிய அரசு 'விஸ்வகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. குடும்ப அடிப்படையிலான 18 மரபுத் தொழில்கள், அதில் முடிதிருத்துதலும் ஒன்று. 18 வயதிலேயே சேரலாம். கல்லூரிக்குப் போகவேண்டிய வயதில் கருவிப்பெட்டியும் கடனும் கொடுத்து அப்பன் தொழிலில் உட்காரவைப்பதற்கு வேறென்ன பெயர்? குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கு என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு ஏற்காததால், 25 தொழில்களோடு, சாதி வேறுபாடில்லாமல், 35 வயதுக்கு மேற்பட்டோருக்கென்று 'கலைஞர் கைவினைத் திட்டம்' வந்தது. இந்த வேறுபாடு சிறியதல்ல. விரும்பிக் கற்பதற்கும் பிறந்ததால் கற்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

இதுவரை சொன்னது எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி. இனிச் சொல்லப்போவதை என் சொந்தங்கள் விரும்பமாட்டார்கள்.

கொங்குக் கிராமங்களில் அருந்ததியருக்கு முடிவெட்ட மறுக்கும் சலூன்கள் இன்னும் இருக்கின்றன. உள்ளூரில் கடை இருந்தும் பேருந்தேறிப் பல்லடத்துக்கோ அவிநாசிக்கோ பொள்ளாச்சிக்கோ போய் முடிவெட்டி வரும் இளைஞர்களை எனக்குத் தெரியும். நேரடியாக "மாட்டேன்" என்று யாரும் சொல்வதில்லை. "கரண்டு இல்லை", "கடை சாத்தற நேரம்", "நாளைக்கு வா". அந்த நாளை வருவதேயில்லை.

அண்ணல் அம்பேத்கர் தன் சிறுவயது குறித்து எழுதியிருக்கிறார். சதாராவில் நாவிதர்கள் இல்லாமலில்லை, கூலி கொடுக்கக் காசும் இருந்தது, ஆனால் மகர் பிள்ளையின் தலையைத் தொட எவரும் தயாராக இல்லை. அவருடைய அக்காதான் முடிவெட்டிவிட்டார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில், 1948 நவம்பர் 29 அன்று, அரசமைப்பு அவையில் 'கடை' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்தார். தேடிவருகிற எவருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் திறந்து வைத்திருக்கும் இடமெல்லாம் கடைதான் என்றார். அந்த விளக்கத்துக்குள் சலூன் நாற்காலியும் அடங்கும். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 6, தீண்டாமையின் பெயரால் சேவை மறுப்பதைக் குற்றம் என்கிறது.

எங்கள் ஆட்களிடம் பேசினால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "நாங்களா மறுக்கிறோம்? அவங்களுக்கு வெட்டினா கவுண்டர்மாரு வரமாட்டாங்க. கடையே அவங்க கட்டடம். நாளைக்கே காலி பண்ணச் சொல்லுவாங்க." இது பொய்யில்லை. கடை வாடகையும் குடியிருக்கும் வீடும் ஆதிக்க சாதியின் கையில் இருக்கும் ஊரில், நாலைந்து வீடுகள் மட்டுமே உள்ள எங்கள் சாதி எப்படி எதிர்த்து நிற்கும்? ஆனால் பயம் ஒரு காரணம்தானே தவிர நியாயமாகாது. தொடுவதையே தொழிலாகக் கொண்டதற்காக இழிவுபடுத்தப்பட்டவர்கள், இன்னொருவரைத் தொடமாட்டேன் என்று சொல்வதில் என்ன பெருமை இருக்கிறது? நமக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் சாதி நமக்குக் கொடுக்கும் ஒரே கூலி. அந்தக் கூலியை வாங்கும்வரை நாம் 'குடிமகன்'தான், குடிமக்கள் இல்லை.

அதேசமயம் இயக்கத் தோழர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. சலூனில் மறுக்கப்பட்டதாக வழக்குப் பதிவானால் முதலில் கைதாகிறவர் கடைக்காரர். அது சட்டப்படி சரி. ஆனால் "அவனுக்கு வெட்டினா பாத்துக்க" என்று மிரட்டியவர் வழக்குக்குள் வருவதேயில்லை. அதே சட்டத்தின் பிரிவு 7, தீண்டாமையைக் கடைப்பிடிக்கத் தூண்டுவதையும் குற்றம் என்கிறது. ஏன் அது பெரும்பாலும் காகிதத்திலேயே கிடக்கிறது? கத்தி பிடித்தவரை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு, அந்தக் கையைத் திருப்பியவரை வெளியில் விட்டால், அடுத்த வாரம் அதே கட்டடத்தில் அதே விதியோடு வேறொரு சலூன் திறக்கும். ஊரில் இரண்டு ஒடுக்கப்பட்ட சாதிகள் நிரந்தரப் பகையோடு மிஞ்சும். அதுதான் அவர்களுக்கு வேண்டியது.

என்ன செய்யலாம்? ஊராட்சிக்குச் சொந்தமான வணிகக் கட்டடங்களில் சலூனுக்கு இடம் ஒதுக்க வேண்டும். எல்லோருக்கும் சேவை என்பதை வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்க வேண்டும். கட்டட உரிமையாளர் ஆதிக்க சாதியாக இல்லாமல் ஊராட்சியாக இருந்தால் பயத்தின் பாதி போய்விடும். முடிதிருத்தும் பயிற்சியை அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சான்றிதழோடு கற்றுத்தர வேண்டும். எல்லோரும் கற்கும் தொழிலுக்குச் சாதி ஒட்டாது. முடிதிருத்துவோர் சங்கங்கள், சேவை மறுக்கும் கடைக்காரரைக் கண்டிக்கவும் வேண்டும், மறுக்காததற்காகக் கடையை இழப்பவரைக் காப்பாற்றவும் வேண்டும். புகார் எழுதும் தோழர்கள் மறுத்தவர் பெயரோடு தூண்டியவர் பெயரையும் எழுத வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும், அருந்ததியர் நண்பரையும் கூட்டிக்கொண்டு உள்ளூர் சலூனுக்குப் போங்கள். அவருக்கு முதலில் வெட்டச் சொல்லுங்கள். உங்கள் முறைக்குக் காத்திருங்கள். மறுத்தால் நீங்களும் எழுந்து வந்து சாட்சி சொல்லுங்கள். இது பெரிய புரட்சியில்லை என்பீர்கள். ஊரில் யாரும் செய்யாத ஒன்று, அவ்வளவுதான்.

அப்பாரு கத்தியைத் தொடாதே என்று தடுத்தது விடுதலைக்காக. நான் இன்று அதை எடுத்துப் பழகுவதும் விடுதலையால் கிடைத்த உரிமைதான். வேண்டாம் என்று வைக்கவும் வேண்டும் என்று எடுக்கவும் ஒருவருக்கு வழி இருந்தால்தான் அது தொழில். இல்லையென்றால் அது தண்டனை. அந்த நாற்காலியில் யாரும் உட்காரலாம், அதன் பின்னால் யாரும் நின்று கத்தி பிடிக்கலாம் என்ற நாள் வரும்வரை சலூன் என்பது வெறும் சலூன் அல்ல. அது ஊரின் சாதி எங்கே நிற்கிறது என்று காட்டும் கண்ணாடி.