வானிலை எச்சரிக்கையைப் பெரட்டில் வாசியுங்கள்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் உழைப்போர், குடியிருப்போர், மண்டோர்கள், நிர்வாகத்தினர் அனைவரிடமும் தோட்டக் குடியிருப்பாளர்களாகிய நாங்கள் கேட்பது ஒன்றுதான். காலையில் ஆள் கூடும் பெரட்டில் வேலை பிரிப்பதற்கு முன், மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அன்றைய எச்சரிக்கையை உரக்க வாசிக்க வேண்டும். அதைப் பார்த்தே வேலை நேரம் முடிவாக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை கிழக்குக்கரையின் கவலை, தித்திவங்சா மலை நம்மைக் காக்கும் என்று நெடுங்காலம் இருந்துவிட்டோம். 2021 டிசம்பர் நடுவில் அந்த நம்பிக்கை உடைந்தது. தென்சீனக் கடல் பக்கமிருந்து வந்த தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து மேற்குக்கரையில் மழையைக் கொட்டித் தீர்த்தது. சிலாங்கூர் பெரும் சேதம் கண்டது. நம் மாநிலத்துக் குடும்பங்களும் நிவாரண மையங்களுக்குப் போயின. நாட்டில் 50 பேருக்கு மேல் மாண்டனர். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன், 2001 டிசம்பர் 27 அன்று, வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியது. பூமத்திய ரேகையை ஒட்டிக் காற்றைச் சுழல வைக்கும் விசை மிகக் குறைவு. அதனால் அங்கே புயல் அரிது. அரிதானது வராமலே போய்விடும் என்று எண்ணியதுதான் பிசகு.

'வெயிலும் வெள்ளமும் அந்தக் காலத்திலும் இருந்தன. எல் நினோ இயற்கையாக வருவது' என்பார்கள். உண்மைதான். பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் சூடேறும்போது மழைமேகம் அப்பக்கம் நகர்கிறது. நமக்கு வறட்சி வருகிறது. 1998 ஏப்ரலில், ஓர் எல் நினோ காலத்தில், பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. ஒரு நாள் வெயிலைக் கொண்டு பருவநிலை மாறிவிட்டதென்று யாரும் சொல்ல முடியாது. அதைப் பல பத்தாண்டுக் கணக்குதான் காட்டும். அந்தக் கணக்கில் ஓராண்டு இதோ: உலக வானிலை அமைப்பின் மதிப்பீட்டில் 2024, தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதல் வெப்பமானது. இனி வரும் ஒவ்வோர் எல் நினோவும் இந்தக் கூடுதல் சூட்டின் மேல்தான் ஏறி உட்காரும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது அது ஒரேயடியாகக் கொட்டும். வறட்சியும் வெள்ளமும் ஒரே காரணத்தால் கடுமையாவது இப்படித்தான்.

தோட்டத்தில் இது நேரே கூலியைத் தொடும். விடியலில் மழை பெய்தால் ரப்பர் மரப் பட்டை நனைந்து, பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்தோடும். பால் மங்கில் மழைநீர் சேரும். அன்றைய வெட்டு போச்சு. கடும் வறட்சியில் செம்பனை ஆண் பூக்களை அதிகம் விடும். ஓராண்டு, ஈராண்டு கழித்துக் குலை குறையும். அதைவிடப் பெரிது உடம்பு. தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை போனால் வானிலைத் துறையின் முதல் நிலை எச்சரிக்கை. அப்படி மூன்று நாளும் 37-ஐத் தாண்டினால் வெப்ப அலை. இவை நிழலில் அளந்தவை. தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு குலை வெட்டுபவருக்கு, ஈரக்காற்றில் வியர்வை உலராமல், உள்சூடு வெளியேற வழியில்லை.

'வேலையை நிறுத்தினால் சோற்றுக்கு என்ன வழி?' என்ற கேள்வி நியாயமானது. நிறுத்தச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறோம். எச்சரிக்கை நாட்களில் குலை வெட்டுவதும் சுமப்பதும் வெயில் ஏறுமுன் முடியட்டும். நிழலும் குடிநீரும் ஓய்வும் கிடைக்கட்டும். அந்த ஓய்வுக்குக் கூலி பிடிக்க வேண்டாம். மயங்கி விழுந்தவருக்குப் பல நாள் கூலி போகிறது; நிர்வாகத்துக்கும் ஆள் குறைகிறது. 'உலகைச் சூடாக்கியது நாமா?' என்றும் கேட்கலாம். பெரும்பங்கு நம்முடையதல்ல, புகை கக்கும் நாடுகளும் தொழில்களும் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால், லயத்துக்குப் பின்னால் அடைத்துக் கிடக்கும் கால்வாயை அவர்கள் வந்து தோண்டப் போவதில்லை.

ஆகவே, நவம்பர் பிறக்குமுன் கால்வாய்களைத் தூர் வாருங்கள். ஆற்றங்கரை மரங்களை விட்டுவையுங்கள். குப்பையைக் கொளுத்தாதீர்கள். முதியவர்களையும் பிள்ளைகளையும் எந்த மேட்டுக்கு, யார் கூட்டிப் போவது என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். இவற்றையெல்லாம் தொடங்கிவைக்க, நாளைக் காலைப் பெரட்டிலேயே அந்த எச்சரிக்கையை வாசிக்கும்படி உங்கள் மண்டோரிடம் கேளுங்கள்.

இங்ஙனம்,
நெகிரி செம்பிலான் தோட்டக் குடியிருப்பாளர்கள்