தரகருக்குக் கொடுப்பது காசு மட்டுமல்ல, நாட்களும்தான்



கல்முனையில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் எங்கே போவீர்கள் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் ஓர் ஆளின் பெயரைச் சொல்கிறோம். அலுவலகத்தின் பெயரைச் சொல்வதில்லை. அந்த ஆளுக்குப் பிரதேச செயலகத்திலும் நீதிமன்றத்திலும் ஏஜென்சியிலும் ஆட்களைத் தெரியும். "நாளைக்கு வாங்க" என்பார், பிறகு "அடுத்த கிழமை" என்பார். கையில் இருந்த காசும் காது கம்மலும் போன பிறகுதான் நம்மவர்கள் சங்கத்தின் வாசலுக்கு வருகிறார்கள்.

போன காசு பெரிய இழப்புத்தான். அதைவிடப் பெரிய இழப்பு, போன நாட்கள். சட்டம் தரும் உரிமைகள் பலவற்றுக்கு நாள் கணக்கு உண்டு. அந்த நாட்களைத் தரகர் தின்றுவிட்டால் பிறகு எவ்வளவு பெரிய சட்டத்தரணியாலும் அவற்றைத் திருப்பித் தர முடியாது. இதை மனதில் பதிய வைக்கவே இந்த ஆசிரியர் தலையங்கம்.

நம் பிள்ளைகள் பலர் இன்று தோட்டத்தில் இல்லை. பேருக்குக் கிடைக்கும் சம்பளத்தில் வீடு நடக்காததால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று கடைக்கும் உணவகத்துக்கும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் இறங்கி வருகிறார்கள். ஹிங்குரானைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களிலும் வேலை தேடுகிறார்கள். லயத்தில் இருந்தவரை பிரச்சினை என்றால் தலைவரிடம் போவோம். இங்கே வாடகை அறையில் இருப்பவருக்குத் தலைவர் யார்? அந்த வெற்றிடத்தில்தான் தரகர் வந்து உட்காருகிறார்.

முதலாவது கதவு, சட்ட உதவி ஆணைக்குழு. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினால் உண்டான அரச நிறுவனம் இது. கல்முனையிலும் இதன் நிலையம் இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் வழி காட்டுவார்கள். அங்கே ஆலோசனை கேட்கக் காசு இல்லை. உங்களுக்காக வழக்கில் ஆஜராக வேண்டுமென்றால் உங்கள் வருமானத்தைப் பார்ப்பார்கள். ஏழைக்காகவே அமைந்த இடம் அது என்பதால், அங்கே வறுமையைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. தாபரிப்பு, வீட்டு வன்முறை, காணி, வேலை நீக்கம் என்று எதையும் கேட்கலாம். நம் சங்கத்தில் உள்ள முஸ்லிம் குடும்பங்களின் விவாகரத்தும் தாபரிப்பும் காதி நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது. எனவே காதியார் முன் போவதற்கு முன்னரே ஆலோசனை கேட்டுக்கொள்வது பெண்களுக்கு மிகவும் அவசியம்.

இரண்டாவது கதவு, மனித உரிமைகள் ஆணைக்குழு. அதற்கும் கல்முனையில் பிராந்திய அலுவலகம் உண்டு. தொலைபேசி இலக்கம் 1996. பொலிஸார் அடித்தாலும், காரணமின்றித் தடுத்து வைத்தாலும், அரச அதிகாரி ஒருவர் பாரபட்சம் காட்டினாலும் அங்கே முறையிடலாம். இங்கேதான் நாள் கணக்கு வருகிறது. அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் போக அரசியலமைப்பு தரும் காலம் 1 மாதம் மட்டுமே. அந்த 1 மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. தரகர் "பேசிப் பார்ப்போம்" என்று இழுத்தடிக்கும் ஐந்தாறு கிழமைகளில் அந்தக் கதவு மூடிவிடும்.

அடுத்து வீடு. வாடகை பிந்தியது என்று சாமான்களை வெளியே போட்டுப் பூட்டை மாற்றுவது இந்த நகரங்களில் நடக்கிறது. வீட்டுச் சொந்தக்காரருக்கும் உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீட்க 2023 ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அந்தச் சட்டமும் நீதிமன்றத்தின் வழியாகத்தான் போகச் சொல்கிறது. நீதிமன்றம் போகாமல் ஒருவர் உங்களைப் பலவந்தமாக வெளியேற்றினால், 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் இருப்பிடத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. வெளியேற்றப்பட்டு 2 மாதங்களுக்குள் விடயம் நீதிமன்றத்தின் முன் போக வேண்டும். ஆகவே அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வேலை நாளில் சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள். வாடகை கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வங்கி வழியாகக் கொடுங்கள். எழுத்தில் எதுவும் இல்லாதவருக்கு வாதாடுவது சட்டத்தரணிக்கும் கடினம்.

வீடு விடயத்தில் இந்தக் கரை கற்ற பாடம் ஒன்று உண்டு. 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். வீடிழந்த மக்களுக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியுடன் 500 வீடுகள் எழும்பின. யாருக்குக் கொடுப்பது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கட்டி முடித்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் பற்றை மண்டிக் கிடந்தன. சுவர் எழும்பினால் மட்டும் வீடு நமக்காகிவிடாது. பட்டியலில் பெயர் வேண்டும், கையில் உறுதி வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்று நமக்குச் சொல்லப்படும் போதெல்லாம் "பத்திரம் எங்கே, யார் பெயரில், மனைவியின் பெயரும் உண்டா" என்று நாம் கேட்க வேண்டியது இதனால்தான்.

வேலை செய்த இடத்துக் கணக்கையும் மறக்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில் 5 ஆண்டு சேவை முடித்தவருக்கு 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும். மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு ஆண்டொன்றுக்கு 14 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் அது கைக்கு வர வேண்டும். வராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடக் காசு வேண்டியதில்லை, தரகரும் வேண்டியதில்லை.

இனி வெளிநாடு. திருகோணமலை மாவட்டத்து மூதூரின் ரிசானா நபீக்கை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. 2005 ஆம் ஆண்டில் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது, பிறப்புச் சான்றிதழின்படி வயது 17. கடவுச்சீட்டிலோ வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்தது. தகுந்த மொழிபெயர்ப்பும் சட்டத்தரணியும் இல்லாமலே வாக்குமூலம் பெறப்பட்டது. 2007 ஆம் ஆண்டில் மரண தண்டனை தீர்க்கப்பட்ட பிறகே மேன்முறையீட்டுக்கு உதவி போய்ச் சேர்ந்தது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தப் பொய் வயது எழுதப்பட்டபோதே பக்கத்தில் இருந்து "இது கூடாது" என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அந்தப் பிள்ளை விமானமே ஏறியிருக்காது.

பொய்க் காகிதத்தின் வியாபாரம் இன்னும் ஓயவில்லை. சுற்றுலா விசாவில் வேலைக்கென்று ஓமானுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் அங்கே சிக்கித் தவித்த செய்தி 2022 இல் நாட்டையே உலுக்கியது. எனவே வெளிநாடு போக நினைக்கும் ஒவ்வொருவரும் காசு கொடுப்பதற்கு முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, இந்த வேலைக்குப் பணியகத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். பணியகத்தில் பதியாமல் போனவருக்குக் காப்புறுதியும் இல்லை, ஆபத்தில் தேடி வர ஆளும் குறைவு.

கடவுச்சீட்டுக்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். காகிதம் இல்லாத வாழ்க்கை என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமையைத் தந்தது. ஆகவே "உங்களுக்குப் பதிய முடியாது" என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கல்முனையில் பிரதேச செயலகப் பிணக்கு நீண்ட காலமாக இருப்பதால், உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவு எந்தச் செயலகத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் கேட்டுக்கொண்டால் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும்.

ஒரு வசதியையும் சொல்ல வேண்டும். மலையகத்தில் பல இடங்களில் விளங்காத மொழியில் வந்த படிவத்தில் கையெழுத்து வைத்துப் பழகிவிட்டோம். கிழக்கு மாகாணத்திலோ அரசியலமைப்பின்படி நிருவாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்வதும், வாசித்துக் காட்டச் சொல்வதும், விளங்காவிட்டால் கையெழுத்து வைக்க மறுப்பதும் உங்கள் உரிமை.

இவ்வளவு கதவுகள் இருந்தும் நம் மக்கள் ஏன் தரகரிடம் போகிறார்கள்? அறியாமை என்று சொல்லி முடித்துவிட நாம் தயாரில்லை. அலுவலகம் திறக்கும் நாளில்தான் நமக்கும் வேலை. ஒரு தடவை போனால் ஒரு பேர் போகும். பஸ் காசு வேறு. "அந்தக் காகிதம் இல்லை, நாளைக்கு வா" என்றால் இரண்டு பேர் போகும். தரகரோ இரவில் வீட்டுக்கே வருவார். இலவசம் என்று எழுதி வைத்த ஆலோசனைக்குத் தொழிலாளி தன் சம்பளத்தால் விலை கொடுக்கிறார். இதை மாற்றுவது அரசின் கடமை.

ஆகவே நாம் மூன்று விடயங்களைக் கேட்கிறோம். சட்ட உதவி ஆணைக்குழு தோட்டங்களிலும் இந்தக் கரையோர நகரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடமாடும் சேவை நடத்த வேண்டும். ஒவ்வோர் அலுவலகத்தின் வாசலிலும் எது இலவசம், எந்தக் காகிதங்கள் வேண்டும், எத்தனை நாட்களுக்குள் வர வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். அலுவலகத்துக்கு முறைப்பாட்டுக்குப் போன நாளைத் தொழிலாளியின் வேலை நாளாகக் கணக்கிட வேண்டும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. தோட்டக் கமிட்டிகள் தங்கள் உறுப்பினர்களின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதி இலக்கம் ஆகியவற்றின் பிரதியை உறுப்பினரின் சம்மதத்துடன் பத்திரமாக வைக்கட்டும். வாசிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர், பெண்களின் முறைப்பாடென்றால் மாதர் அணியிலிருந்து ஒருவர், கூடப் போகட்டும். தனியாகப் போகும் தொழிலாளியை "நாளைக்கு வா" என்பது இலேசு. துணையோடு போகிறவரை அப்படிச் சொல்ல யோசிப்பார்கள்.

பிரச்சினை வந்த அன்றே திகதியைக் குறித்து வையுங்கள். அந்தக் கிழமைக்குள் கதவைத் தட்டுங்கள். வழி தெரியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள். கூட வர நாம் இருக்கிறோம்.