கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணி...



டிசம்பர் பிறந்துவிட்டால் நமக்கு ஓய்வேது? தாராவியில் கீதபவனி, மாட்டுங்காவில் துணிமணி வாங்குதல், செம்பூரில் உறவினர் வீட்டு ஜெபக்கூட்டம்; எல்லாம் நல்லவையே. ஆனால் இத்தனை சத்தத்தின் நடுவே தேவசத்தத்தைக் கேட்கிறோமா?

சில ஆண்டுகளுக்கு முன், 90 அடி ரோட்டை அடுத்த ஒரு சந்தில் கீதபவனி சென்றோம். இரவு பதினொரு மணியாயிற்று. இரும்பு ஏணியேறி ஒரு வீட்டில் பாடி முடித்தபோது, அங்கிருந்த வயதான தாயார், "தம்பி, கொஞ்சம் உட்கார்ந்து ஜெபிச்சிட்டுப் போங்க" என்றார்கள். இன்னும் ஒன்பது வீடுகள் மீதியிருந்தன. "அடுத்த வாரம் வர்றோம், அம்மா" என்று சொல்லி இறங்கிவிட்டேன். அடுத்த வாரமும் போகவில்லை. புத்தாண்டு ஆராதனை முடிந்து சென்றபோது வீடு பூட்டியிருந்தது. மகன் அவர்களை ஊருக்கு அழைத்துச் சென்றுவிட்டாராம். எதற்காக ஜெபிக்கச் சொன்னார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிரவு என்னை அழைத்தது அந்தத் தாயாரின் சத்தம் மட்டுமல்ல என்பதை ஆவியானவர் பின்பு உணர்த்தினார்.

லூக்கா 2-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை வாசித்துப் பாருங்கள். பஸ்கா பண்டிகை முடிந்து திரும்பிய யோசேப்பும் மரியாளும், பன்னிரண்டு வயதான இயேசு உடன் வருவோரின் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணி, ஒருநாள் தூரம் நடந்துவிட்டார்கள். அவர்கள் அவரைத் தவறவிட்டது உலகச் சந்தையில் அல்ல. பண்டிகைக்குப் போன இடத்தில்! ஆயினும் இல்லையென்று அறிந்தவுடன் எருசலேமுக்குத் திரும்பினார்கள். மூன்று நாளைக்குப்பின் தேவாலயத்தில் அவரைக் கண்டார்கள். நாம் எத்தனை நாள் தூரம் நடந்துவிட்டோமோ!

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்திய இரயில்வே மெகா பிளாக் அறிவிக்கும்போது, ஆராதனைக்குத் தாமதமாகிறதே என்று முறுமுறுக்கிறோம். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் தண்டவாளத்தையும் மின்கம்பியையும் சிக்னலையும் பழுதுபார்க்காவிட்டால், மற்ற நாட்களின் பயணம் ஆபத்தாகிவிடும். நம் ஆத்துமாவுக்கும் அப்படியொரு நேரம் வேண்டாமா?

அதிகாலையில் குழாயில் தண்ணீர் வருமுன் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கைப்பேசியை அணைத்து, வேதத்தைத் திறந்து, விண்ணப்பங்களை அடுக்காமல் அமர்ந்திருங்கள். கர்த்தர் யாரையாவது நினைப்பூட்டினால், அன்றே அந்த வீட்டுப் படியேறுங்கள். அடுத்த வாரத்திற்குத் தள்ளாதிருங்கள்.

இந்தப் பண்டிகை நாட்களில் கர்த்தர் உங்களோடு பேசுவாராக. கேட்கும் செவியையும் தருவாராக. ஆமென்.