சேறு என்றால் சேறுதான்

"அதை விடுங்கோ, கணக்குப் பார்த்தால் சண்டை இழுபடும்." டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் மேசையில் கடின நில விதி வந்தவுடனே மாஸ்டர் வாயில் இருந்து வாற வசனம் இது. நாங்கள் இதை ஏற்கமாட்டம்.

முதலில், அது என்ன அவ்வளவு பெரிய கணக்கு? ஐந்தாம் பதிப்பில் ஒரு மனிதப் பாத்திரம் தன்ர முறைக்கு 30 அடி நகரலாம். ஒரு கட்டம் 5 அடி, ஆக 6 கட்டம். சேறு, இடிபாடு, அடர்ந்த பற்றை என்றால் ஒவ்வொரு அடிக்கும் இன்னொரு அடி கூடுதலாகச் செலவாகும். 3 கட்டத்தோட நிக்க வேண்டியதுதான். சேறும் பற்றையும் ஒரே கட்டத்தில் இருந்தாலும் செலவு இரட்டிப்புக்கு மேல் போகாது. இதுக்கு ஆருக்கும் கல்குலேட்டர் தேவையில்லை. மந்திரவாதி தன்ர முறை வந்த பிறகுதான் மந்திரப் பட்டியலைப் பிரட்டத் தொடங்குறார், சண்டை இழுபடுறது அங்கதான். அதை ஒருத்தரும் கேக்கிறேல்ல.

இந்த விதியை அழிக்கும்போது ஆரிட்ட இருந்து பறிக்கிறீங்கள்? 2014 புத்தகத்தில் ரேஞ்சருக்கு எட்டாம் நிலையில் ஒரு திறன் கிடைக்கும்: மந்திரத்தால் உண்டாகாத கடின நிலத்தில் கூடுதல் செலவில்லாமல் நடக்கலாம். சேறே இல்லாத உலகத்தில் அதை வைச்சு என்ன செய்யிறது? எட்டு நிலை ஏறுமட்டும் வாராவாரம் வந்து குந்தியிருந்த ஆளுக்கு, அவரைக் கேக்காமலே, வெறுங்கை.

பலம் குறைந்த பக்கத்துக்கு நிலம்தான் ஆயுதம். ஓகர் 40 அடி ஓடும், 8 கட்டம். வெட்டவெளியில் முதலாம் நிலைப் பாத்திரங்களை அது பிச்செறியும். சதுப்புக்குள் இறக்கிவிட்டால் 4 கட்டம்தான். காய்ந்த தரையில் நிக்கிற எங்கட ஆள் அம்பு விட்டுவிட்டு 6 கட்டம் பின்வாங்கலாம். அந்த யோசனையைக் கண்டுபிடிக்கிற சந்தோசத்தை ஏன் அழிக்கிறீங்கள்?

விதியில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்லேல்ல. கணுக்கால் சேறும் இடுப்பளவு சேறும் ஒரே விலை என்பது பகிடிதான். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இரண்டு தரம் வைச்சிருக்கு: ஒரு கட்டத்துக்கு 5 அடி கூடுதல், மோசமான நிலத்துக்கு 10 அடி கூடுதல். எங்கட மேசையில் அதைத்தான் கடன் வாங்கியிருக்கிறம்.

அடிக்கணக்கே வேண்டாமென்றால் தேர்டீன்த் ஏஜ் இருக்கு. டன்ஜன்ஸின் மூன்றாம், நான்காம் பதிப்புகளை வடிவமைப்பதில் முன்னுக்கு நின்ற ஜோனதன் ட்வீட்டும் றொப் ஹெய்ன்சூவும் எழுதியது. கிட்ட, தூர, மோதலில் என்ற அளவிலேயே தூரம் முடிஞ்சுது. அதோட எங்களுக்குச் சண்டையில்லை. வரைபடத்தில் பச்சைப் பேனையால் சதுப்பை வரைஞ்சுபோட்டு, அதுக்கு மேலால எல்லாரையும் ஓடவிடுற ஆக்களோடதான் சண்டை.

அழிக்கத்தான் வேணுமென்றால் முதல் நாளே, பாத்திரம் எழுத முன்னமே சொல்லுங்கோ. ரேஞ்சர் எடுக்க இருந்தவர் வேற ஏதாவது எடுப்பார்.