தொட்டிலருகே ஒரு சங்கீதம்

"அக்கா, குழந்தை பிறந்து நாலு மாசம் ஆகுது. சர்ச்சுக்குப் போய் எத்தனையோ வாரம் ஆச்சு. பைபிளைத் திறந்தா கண்ணு சொருகுது. ஜெபம் பண்ண உட்கார்ந்தா அழுகைதான் வருது. 'ஆண்டவர் தங்கமாட்டம் பிள்ளை கொடுத்திருக்கார், அழறது பாவம்'னு அத்தை சொல்றாங்க. நிஜமாவே பாவமாக்கா?"

பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள் இந்தத் தங்கை. பெயர் எதற்கு? கைக்குழந்தைக்காரி எவள் வேண்டுமானாலும் எழுதியிருக்கக் கூடிய கடிதம்தானே இது!

பாவம் இல்லை, அம்மா. அழுவது பாவம் என்றால் சங்கீத புத்தகத்தில் எத்தனை பக்கத்தைக் கிழித்துப் போடுவது? 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். 13-ம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தமே ஆறு வசனம். மூல பாஷையாகிய எபிரெயத்தில், முதல் இரண்டு வசனத்துக்குள்ளேயே 'இன்னும் எத்தனை காலம்' என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. நம் வீட்டுப் பிள்ளை அடுப்படி வாசலில் நின்றுகொண்டு 'எப்பம்மா, எப்பம்மா' என்று நச்சரிக்கிற மாதிரி! கேட்டவரை ஆண்டவர் கோபித்துக் கொண்டதாக ஒரு எழுத்தும் இல்லை.

இது ஏன் நமக்குத் தெரிவதில்லை? வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை, சுவர்க் காலண்டர், இப்போது விடிந்ததும் செல்போனில் வந்து விழுகிற பூப்போட்ட படம், எல்லாவற்றிலும் ஒரே ஒரு வரி. அதுவும் தித்திப்பான வரி. நான் குறை சொல்லவில்லை, என் வீட்டுச் சுவரிலும் ஒன்று தொங்குகிறது. ஆனால் பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கிப் போட்டால் பசி ஆறுமா?

42-ம் சங்கீதத்தையே பாருங்களேன். மான் ஓடைக்கு ஏங்கும் படம் எத்தனை வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது! அதற்கு அடுத்து வருவதை யாரும் அச்சடிப்பதில்லை. பாடுகிறவருக்குச் சோறு இறங்கவில்லை, இரவு பகலாகக் கண்ணீர்தான். அவருடைய துக்கம் என்ன தெரியுமா? தேவனுடைய ஆலயத்துக்குப் போக முடியவில்லை! முன்பெல்லாம் பண்டிகைக் கூட்டத்தோடு பாடிக்கொண்டு போனதை நினைத்து நினைத்து உருகுகிறார். இருப்பதோ எருசலேமுக்கு வெகு வடக்கே, எர்மோன் மலைப் பக்கம். நம் தங்கைக்கு எர்மோன் மலை அவள் வீட்டுப் பின்கட்டுதான். ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கிறது, பக்கத்து வீட்டார் புடவை சரசரக்கப் போகிறார்கள், இவள் பிள்ளைத் துணியை அலசிக் கொண்டிருக்கிறாள்.

அவர் என்ன செய்தார்? தன் ஆத்துமாவையே கூப்பிட்டு, ஏன் இப்படிச் சோர்ந்து கிடக்கிறாய் என்று விசாரிக்கிறார். பொறுத்திரு, மறுபடியும் துதிக்கிற நாள் வரும் என்று தேற்றுகிறார். ஒரு தரம் சொல்லித் தேறிவிடவில்லை. அலை மேல் அலையாகத் துக்கம் வருகிறது. திரும்பவும் அதே பல்லவி. 42-ல் இரண்டு தரம், 43-ன் முடிவில் இன்னொரு தரம். (இரண்டும் ஆதியில் ஒரே பாட்டு என்று வேத அறிஞர் பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.) ஒரே தட்டில் குழந்தையைத் தூங்க வைத்த தாய் உண்டா? அப்படித்தான் நம் ஆத்துமாவும்.

எனக்கு மிகவும் பிடித்தது 131. மூன்றே வசனம். எருசலேமுக்கு யாத்திரை போகிறவர்களின் பாட்டு என்று சொல்லப்படும் 15-ல் (120 முதல் 134 வரை) ஒன்று, தாவீதின் பெயரில் இருக்கிறது. தாயிடம் இருக்கும் பால்மறந்த குழந்தையைப் போல் தன் மனசு அமர்ந்திருப்பதாக அதில் வருகிறது. இதை வைத்துப் பிரசங்கம் செய்கிறவர்கள், ஏதோ வயிறு நிறையக் குடித்துவிட்டு உறங்கும் பச்சைக் குழந்தையைப் போலச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆண்கள்தானே! பால் மறக்கச் செய்வது என்றால் என்னவென்று நமக்கல்லவா தெரியும்? வேப்பிலையை அரைத்துத் தடவி, பாட்டி பக்கத்தில் படுக்க வைத்து, அது நம் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கதற, நாமும் சேர்ந்து அழுது, மூன்று நாலு ராத்திரி வீடே கண் விழித்து... (இந்தக் காலத்து டாக்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தச் சொல்கிறார்கள், அதுவே நல்லது.) அந்தப் போராட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு சாயங்காலம் பிள்ளை தானாக வந்து மடியில் உட்காரும். பால் கேட்காது. சும்மா மார்பில் தலையைச் சாய்த்துக் கொள்ளும். நன்றாக அழுது தீர்த்த பிள்ளைக்கு வருகிற அமைதி அது. தாவீது கேட்டது அதைத்தான். அதற்கு நாள் பிடிக்கும் என்று எந்தத் தாய்க்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, நேரம் எங்கே அக்கா என்பீர்கள். ஆங்கிலிக்கன் சபையின் பழைய ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்கு, காலை, மாலை என்று பிரித்துத் தருகிறது. பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்களுக்கு நல்ல வழக்கம். கைக்குழந்தைக்காரிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வாரத்துக்கு ஒன்று போதும். சின்னதாக எடுங்கள்: 13, 23, 121, 131. 119 பக்கம் இப்போது போகவே வேண்டாம், அது 176 வசனம்! பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதி, பால் கொடுக்க உட்காருகிற இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். முழுசாக எழுதுங்கள், அழுகிற வரிகளை விட்டுவிடாதீர்கள். ராத்திரி விழிக்கும்போது வாய்விட்டு, தாலாட்டு மாதிரி மெதுவாகச் சொல்லுங்கள். பாடப் பிறந்தவை அவை, கண்ணால் மட்டும் படித்தால் ருசி பாதிதான். இரண்டாம் வரியிலேயே கண் சொருகிவிட்டதா? விடுங்கள், நாளைக்கு அங்கிருந்து.

இதைப் படிக்கிற மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை. 'அழாதே' என்பதற்குப் பதிலாக, 'பிள்ளையை என்கிட்டே கொடு, நீ போய் ஒரு மணி நேரம் படு' என்று சொல்லிப் பாருங்களேன்.

கடிதம் எழுதிய தங்கைக்கு ஒன்று அவசியம் சொல்ல வேண்டும். பிரசவமான புதிதில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். உனக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. பிள்ளை தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, பிள்ளையிடம் ஒட்டுதல் வரவில்லை என்றெல்லாம் இருந்தால் அதற்கு விசுவாசக் குறைவு என்று பெயரில்லை, அது வியாதி. டாக்டரிடம் போ. பால் கொடுக்கிற தாய்க்கும் ஏற்ற சிகிச்சை இருக்கிறது. உன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தால், அந்த நிமிஷமே வீட்டாரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவித் தொலைபேசி 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். ஜெபமும் மருந்தும் ஒரே அலமாரியில் இருக்கட்டும்.

துதிக்கிற வரி வரைக்கும் வர முடியவில்லையே என்று தவிக்கவும் வேண்டாம். 88-ம் சங்கீதம் கடைசி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது. வேதத்திலிருந்து அதை யாரும் எடுத்துவிடவில்லை.

கத்தோலிக்கச் சகோதரிகள் கவனிக்க: உங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பழைய வேதாகமம் இருந்தால், 10-க்கு மேல் பெரும்பாலான சங்கீதங்களுக்கு எண் ஒன்று குறைவாக இருக்கும். 131-ஐத் தேடுகிறவர்கள் அங்கே 130-ஐத் திறங்கள்.