வரி போடுகிறவருக்கு மண் தெரிய வேண்டும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த எடுப்பில் குளிப்பை அறிவித்துவிட மாட்டார்கள். முதலில் பார்களில் ஆள் மூழ்கிப் பார்த்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவார். அவற்றில் கிடைத்த முத்துக்களை, முத்தின் தரம் தெரிந்தவர்கள் மதிப்பிடுவார்கள். அந்த மதிப்புக் கட்டுபடியானால்தான் குளிப்பு. கடலுக்குள் கிடக்கும் சிப்பிக்கே விவரம் தெரிந்தவர் மதிப்புப் போட்டார் என்றால், கரையில் இருக்கும் நம் வீட்டுக்கும் நிலத்துக்கும் மதிப்புப் போடுகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஒரு காலத்தில் இந்த வேலைக்குப் பிறப்புதான் தகுதி. கர்ணமும் கிராம முன்சீப்பும் பரம்பரையாக வந்தார்கள். 1980 நவம்பர் 14 அன்று அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அது செல்லும் என்று 1982-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புக் கூறிற்று. பத்தாம் வகுப்புத் தேறிய எவரும் தேர்வாணையத் தேர்வு எழுதிக் கிராம நிர்வாக அலுவலர் ஆகலாம் என்ற நிலை வந்தது. ஏழை விவசாயியின் பிள்ளைக்கும் கதவு திறந்தது. இந்த மாற்றத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பழைய கர்ணத்திடம் ஆயிரம் குறை இருந்தாலும், எது நஞ்சை, எது புஞ்சை, எந்த மடைத் தண்ணீர் எந்த வயலுக்கு என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்குப் பதிலாக நாம் என்ன வைத்தோம்? 2018-க்கு முன் கிராம நிர்வாக அலுவலருக்குத் தனித் தேர்வு இருந்தது. அதில் கிராம நிர்வாகம் பற்றி 25 கேள்விகள் கேட்கப்பட்டன. 2018 முதல் அது தொகுதி 4 தேர்வோடு சேர்க்கப்பட்டது. இப்போது தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25 என 200 கேள்விகள். கிராம நிர்வாகத்துக்கு இருந்த பகுதி போய்விட்டது. நகரில் வரி தண்டும் வரித்தண்டலர் பதவிக்கும் இதே தேர்வுதான். வேலையில் சேர்ந்த பிறகு பயிற்சி உண்டு என்பது உண்மைதான். ஆனால் தேர்வு செய்யும்போது நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இதனால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அத்திமரப்பட்டியைப் பாருங்கள். கோரம்பள்ளம் குளத்துப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைந்த தனி ஊராட்சி. இன்று அது தூத்துக்குடி மாநகராட்சிக்குள் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் விளைநிலம் எது, காலிமனை எது, வீடு எது, வைக்கோலும் மாடும் இருக்கும் கொட்டகை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

2022-ல் சொத்து வரி சீரமைக்கப்பட்டபோது, தூத்துக்குடி போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 சதவீதமும், 601 முதல் 1,200 வரை 50 சதவீதமும் உயர்த்தப்பட்டது. ஒருவர் வீடு 580 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கொட்டகையின் 60 சதுர அடியையும் வீட்டோடு சேர்த்து 640 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? பழைய வரி 400 ரூபாய் என்றால் 500 ஆக வேண்டியது 600 ஆகிவிடும். நாடாவைத் தப்பாகப் பிடித்ததற்கு ஆண்டுதோறும் அபராதம்!

வரி மட்டுமல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் கோரம்பள்ளம் குளம் உடைந்து வயல்கள் மூழ்கின. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அறிவிக்கப்பட்டது. 33 சதவீதமா இல்லையா என்று பார்த்து எழுதுகிறவருக்குப் பயிர் தெரியாவிட்டால் பட்டினி யாருக்கு?

நியூயார்க் மாநிலத்தில் நியமிக்கப்படும் சொத்து மதிப்பீட்டு அலுவலருக்குக் குறைந்தபட்சக் கல்வியும் அனுபவமும் வேண்டும். குறித்த காலத்துக்குள் மதிப்பீட்டுப் பயிற்சியும் முடிக்க வேண்டும். நாமும் பட்டப்படிப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நம் பிள்ளைகளுக்குத்தான் கதவு அடைபடும். பத்தாம் வகுப்பே போதும். அதோடு மூன்று காரியங்கள் வேண்டும். விட்டுப்போன அந்த 25 கேள்விகள் திரும்ப வர வேண்டும். புலப்படத்தை வைத்து வயலில் அளந்து காட்டும் செய்முறைத் தேர்வில் தேறிய பிறகே வரி மதிப்புப் போட அனுமதிக்க வேண்டும். உரிமையாளர் முன்னிலையில் அளந்து, அளவுச் சீட்டில் கையெழுத்திட்டு ஒரு நகலைக் கொடுக்க வேண்டும்.

அதுவரை நாமும் சும்மா இருக்கலாகாது. அளக்க வருகிறபோது வீட்டில் ஒருவர் நின்று பாருங்கள். நீளம், அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வரி அறிவிப்பு வந்தால் முதலில் சதுர அடியைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் கெடுவுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஜமாபந்தி நடக்கும்போது அடங்கலில் உங்கள் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். வரி கொடுக்க விவசாயி பின்வாங்குவதில்லை. சரியாக அளந்து கேளுங்கள் என்பதுதான் அவன் கோரிக்கை.