சபாரிக்குப் போகிறவர் என்ன உடுத்துவது?

ஜூலை பிறந்தால் கென்யாவின் மாசாய் மாரா சமவெளியில் உல்லாசப் பிரயாணிகள் வந்து குவிகிறார்கள். டான்ஸானியாவின் செரங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் என்னும் மான் இன விலங்குகள் லட்சக்கணக்கில் ஆற்றைக் கடந்து வரும் பருவம் அது. அந்தக் காட்சியைக் காண வருகிறவர்களை நைரோபி விமான நிலையத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். காக்கிச் சட்டை, அதில் நாலு பை, காக்கிக் கால்சட்டை, அகன்ற தொப்பி. சிங்கம் சுடப் புறப்பட்ட பழைய துரைமாரின் கோலம் அப்படியே!

சுடுவதற்குத்தான் அங்கே இடமில்லை. கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. 'சபாரி' என்ற சொல்லுக்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தம் கிடையாது. ஸ்வாஹிலி மொழியில் அதற்குப் பிரயாணம் என்றுதான் பொருள். தோட்டா வைப்பதற்கென்று ஏற்பட்ட பைகளில் இன்று மூக்குக் கண்ணாடியும் செல்போனும் இருக்கின்றன.

அப்படியானால் இந்த உடுப்பு வெறும் வேஷந்தானா? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. காக்கி என்றால் புழுதி நிறம். 1840-களின் இறுதியில், பெஷாவரில் இருந்த பிரிட்டிஷ் படைப் பிரிவு ஒன்றுதான் முதலில் அதை உடுத்தியது என்பார்கள். அங்கிருந்து பட்டாளத்தோடு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. புழுதி படிந்தாலும் தெரியாது என்பது அதன் குணம். மழை இல்லாத மாதங்களில் செரங்கெட்டிப் பாதையில் ஒரு மணி நேரம் ஜீப்பில் போனால், வெள்ளைச் சட்டை செம்மண் சட்டையாகிவிடும்.

நிறத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அது ஈ சம்பந்தமானது. ட்ஸெட்ஸி ஈ தூக்க நோயைப் பரப்புவது. மெல்லிய துணிக்கு மேலேயே கடிக்கும். கறுப்பும் நீலமும் கண்டால் அது தேடி வரும். இதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்து, நீலத் துணியும் கறுப்புத் துணியும் கொண்டு பொறிகள் செய்து, அந்த ஈக்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடிக்கிறார்கள். நீல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு அந்த ஈ உள்ள காட்டுக்குப் போகிறவர், தாமே ஒரு பொறியாகிப் போகிறார். நல்ல வேளையாக நோய் வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2018 முதல் உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவானவர்களிடமே அது கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் நோய் இல்லாத ஈயின் கடியும் சுருக்கென்றுதான் இருக்கும்.

பலர் ஏமாறுவது நிறத்தில் அல்ல, குளிரில். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடாயிற்றே, வெயில் கொளுத்தும் என்று எண்ணி மெல்லிய சட்டைகளாக அடுக்கிக்கொண்டு போகிறார்கள். நைரோபி சுமார் 5,900 அடி உயரத்தில் இருக்கிறது. டான்ஸானியாவில் கொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்போ நம் ஊட்டிக்குச் சற்றும் இளைத்ததல்ல. அதோடு ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். விலங்குகளைப் பார்க்கப் புறப்படுவது விடியற்காலையில். போவது திறந்த ஜீப்பில். பல் கிட்டித்துப் போகும். பத்து மணிக்கு அதே இடத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆகவே ஒரே கனத்த கோட்டு உதவாது. சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் காற்றுத் தடுக்கும் மேல்சட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றும்படி இருக்க வேண்டும். நீளக் கையும் நீளக் காலும் வெயிலுக்கும் நல்லது, மாலையில் கொசுவுக்கும் நல்லது.

நிறையக் கொண்டு போகவும் வழியில்லை. காட்டு விமானத் தளங்களுக்குப் போகும் சிறு விமானங்கள் பலவற்றில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மிருதுவான பையில். மூன்று ஜதை போதும். முகாமில் துவைத்துக் கொடுப்பார்கள். உள்ளாடைகளை மட்டும் அவரவர் துவைத்துக்கொள்ளும்படி பல முகாம்களில் சோப்புத் தூள் வைத்துவிடுகிறார்கள்.

ஈயும் குளிரும் போகட்டும். சர்க்கார் என்று ஒன்று இருக்கிறதே! காட்டில் மறைந்து நிற்க வசதி என்று, இலை தழை போலத் திட்டுத் திட்டாக அச்சிட்ட பட்டாளத் துணியை வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ஜிம்பாப்வே, ஜாம்பியா, உகாண்டா ஆகிய தேசங்களில் பொது ஜனங்கள் அதை உடுத்துவது குற்றம். உகாண்டாவில் சிவப்பு வட்டத் தொப்பிக்கும் அதே கதி. எதிர்க்கட்சித் தலைவரான பாடகர் பாபி வைனின் தொண்டர்கள் அதை அணிந்து வந்தார்கள். 2019 செப்டம்பரில் அது ராணுவ உடுப்பு என்று அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டது. சுற்றுலா வந்த இடத்தில் தொப்பிக்காகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பானேன்?

துணி அங்கே அரசியல் என்பதற்குக் கென்யப் பார்லிமெண்டே சாட்சி. ஜாம்பியாவின் முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டா, டை இல்லாமல் அணிந்து வந்த கோட்டும் கால்சட்டையும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. நம் நாட்டில் ஒரு காலத்தில் காண்டிராக்டர்களும் அதிகாரிகளும் போட்டுக்கொண்ட சபாரி சூட்டுக்கு அதை அண்ணன் எனலாம். கென்ய ஜனாதிபதி ரூட்டோவும் அதை விரும்பி அணிகிறவர். ஆனாலும் 2023 நவம்பரில் சபாநாயகர் வெட்டாங்குலா, கவுண்டா சூட்டும் ஆப்பிரிக்கப் பாரம்பரிய உடையும் பார்லிமெண்டுக்குள் ஆகாது, கோட்டும் டையும் வேண்டும் என்று உத்தரவு போட்டார். வெள்ளைக்காரர் காக்கியைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போக, கறுப்பர் வெள்ளைக்காரரின் டையைக் கட்டிக்கொண்டு சபைக்குப் போவது விசித்திரந்தான்.

இதைவிடப் பெரிய வழக்கு, சாமானிய ஜனங்களின் முதுகில் உள்ள சட்டையைப் பற்றியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கழித்துப் போட்ட துணிகள் மூட்டை மூட்டையாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்து விற்பனையாகின்றன. மிடும்பா என்று பெயர். மூட்டை என்றே அர்த்தம். நைரோபியின் கிகோம்பா சந்தையில் அந்த மூட்டைகளைப் பிரித்துக் கொட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். மலிவு விலையில் நல்ல துணி கிடைக்கிறது. உள்நாட்டு ஆலைகள்தான் படுத்துவிட்டன.

2016-ல் கிழக்கு ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி, 2019-க்குள் பழந்துணியை ஒழித்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். மறு வருஷமே அமெரிக்கப் பழந்துணி வியாபாரிகள் சங்கம் தங்கள் சர்க்காரிடம் முறையிட்டது. ஆப்பிரிக்கச் சரக்குகளைத் தீர்வையின்றி அனுமதிக்கும் சலுகை போய்விடும் என்று வாஷிங்டன் எச்சரித்தது. கென்யா முதலில் பின்வாங்கியது. டான்ஸானியாவும் உகாண்டாவும் பிறகு இறங்கி வந்தன. ருவாண்டா ஒன்றுதான் அசையவில்லை. கிலோவுக்கு 20 சென்டாக இருந்த வரியை அது இரண்டரை டாலராக உயர்த்தியிருந்தது. 2018 ஜூலையில் ருவாண்டா ஆயத்த ஆடைகளுக்கான சலுகையை அமெரிக்கா நிறுத்தி வைத்தது. தனக்கு வேண்டாத பழஞ்சட்டையை வாங்க மறுத்ததற்காக ஒரு சிறு தேசத்தைத் தண்டிப்பது எந்த நியாயமோ!

ஆனால் பழந்துணியை வைவதும் சுலபமல்ல. 2021 டிசம்பரில், தேர்தல் நெருங்கிய வேளையில், கென்யாவின் மூத்த தலைவர் ராய்லா ஒடிங்கா, மிடும்பா செத்தவர்களின் உடுப்பு என்ற பொருளில் பேசிவிட்டார். சந்தை கொதித்தது. வியாபாரிகளின் பிழைப்பைக் கெடுக்கும் எண்ணமில்லை என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. ஆலைகளைப் புதுப்பிக்கும் முயற்சியும் ஒரு பக்கம் நடக்கிறது. எல்டோரட்டில் மூடிக் கிடந்த ரிவாடெக்ஸ் ஆலை, இந்தியா கொடுத்த கடனுதவியால் யந்திரங்கள் மாற்றப்பட்டு 2019-ல் புதிதாகத் திறக்கப்பட்டது.

சபாரிக்கென்றே தைத்ததாகச் சொல்லி மேல்நாட்டுக் கடைகள் ஒரு சட்டைக்குக் கேட்கும் விலையில், கிகோம்பாவில் ஒரு குடும்பத்துக்கே துணி எடுத்துவிடலாம். குளிருக்கு ஸ்வெட்டர் கொண்டுவர மறந்தவர்களும் அங்கே போகலாம். யாரோ பனிப் பிரதேசத்தில் உடுத்திக் கழித்த கம்பளி ஸ்வெட்டர்கள் குவிந்து கிடக்கும். பேரம் பேசத் தெரிந்திருந்தால் போதும்.